துணைக்கு வந்தவளின் பத்தியம்

மே 2, வெள்ளி

இருபத்தெட்டு நாள். இந்த மனுஷனோடு ஒரே அறையில் இருபத்தெட்டு நாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம்கூட இப்படி இருந்ததில்லை. அவருக்கு பஸ், எனக்கு விடுதி. குடும்பம் இத்தனை நாள் ஓடியதே அதனால்தானோ என்னவோ.

குலசேகரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தோம். வைத்தியசாலை ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது இவர் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "கிளட்ச்ச இந்தப் பாடு படுத்துகானே, வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்று என்னிடம் முறையிட்டார். பேசுகிற ஆளைப் பார். பிப்ரவரியில் காலை டியூட்டிக்குப் போனவரை டிப்போவில் குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவியில் ஊதச் சொன்னார்கள். ஊதினார். அன்றைக்கே சஸ்பெண்ட். குடியை விட்டாயிற்று என்று வைத்தியச் சான்றிதழ் கொண்டுபோனால்தான் மறுபடியும் ஸ்டியரிங். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து நடுக்கம் அடங்கியது. ஈரல் கெட்டிருக்கிறது, உடம்பைத் தேற்ற வேண்டும் என்று இங்கே அனுப்பினார்கள். அந்த ஒரு காகிதத்துக்காக என் கோடை விடுமுறை மொத்தமும் போகிறது.

அறைக்கு வந்ததும் அவர் பையைச் சோதித்தேன். பதினெட்டு வருஷமாகப் பெண்கள் விடுதி வார்டன். பவுடர் டப்பாவுக்குள் செல்போன் ஒளித்து வைக்கிற பிள்ளைகளைப் பார்த்தவள் நான். ஷேவிங் பெட்டியின் அடியில் இருந்து புகையிலைப் பொட்டலம் வந்தது. "அது பழசு" என்றார். பழசாம்!

என் பெட்டியில் என் இடுப்பு வலி மருந்து நாலு பாட்டில் இருக்கிறது. உடையாமல் இருக்கப் பட்டுச் சேலையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

மே 3, சனி

காலை ஐந்தரைக்கு மணி அடிக்கிறார்கள். என் விடுதியில்கூட ஆறு மணிக்குத்தான்.

இங்கே எல்லாம் ஓமனா வைத்ததுதான் சட்டம். டாக்டர் ஸ்ரீகலா வைத்தியம் சொல்வார், ஓமனா அதைச் செய்ய வைப்பாள். நாற்பது வயது இருக்கும், குரல் எட்டு அறைக்குக் கேட்கும். விதிகளை வாசித்தாள். காலை கஞ்சி, மதியம் கஞ்சி, இரவு கஞ்சி. கூட சிறுபயறு. சனிக்கிழமைதோறும் நோயாளி கருவியில் ஊத வேண்டும். துணைக்கு வந்தவர்களுக்கும் அதே பத்தியம்.

"எனக்கு எதுக்கு? நான் என்ன குடிச்சேனா?" என்றேன்.

"அவரு கஞ்சி குடிக்கும்போ நீங்க முன்னால இருந்து மீன் பொரிச்சுத் தின்னா அவரு மனசு எங்க நிக்கும் அக்கா?"

வெளி மருந்து எதுவாக இருந்தாலும் ஆபீசில் கொடுத்துவிட வேண்டுமாம். "அரிஷ்டம், ஆசவம் கண்டிப்பா ஆகாது. அதெல்லாம் புளிக்க வச்சு எடுக்கது. தன்னால சாராயச் சத்து ஏறும். குடிய விட வந்தவங்க கண்ணுல அதக் காட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

பிரஷர் மாத்திரையைக் கொடுத்தேன். இடுப்பு வலி மருந்தைக் கொடுக்கவில்லை. அது தசமூலாரிஷ்டம். பிள்ளை பெற்றவள் குடிக்கிற மருந்து. ஷைனி பிறந்தபோது அம்மா வாங்கித் தந்தது. ஷைனிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. விதி நோயாளிக்கு. நான் நோயாளி இல்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு மூடி. அவ்வளவுதான்.

மே 5, திங்கள்

இன்று நெய் ஆரம்பம். கசப்பு மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய நெய். நாளுக்கு நாள் அளவைக் கூட்டுவார்களாம். குடித்தபின் நன்றாகப் பசிக்கிறவரை வெந்நீர் மட்டும்.

கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு இவர் பண்ணின கூத்து! மூக்கைப் பிடித்தார், கண்ணை மூடினார், ஏசுவே என்றார். பட்டைச் சாராயத்தை மடக் மடக்கென்று குடித்த வாய்க்கு நெய் இறங்க மாட்டேன் என்கிறது.

"சீலி, நீ ஒரு வாய் குடிச்சுப் பாரேன், அப்பதான் தெரியும்."

"எனக்கு என்ன தலையெழுத்து?" என்றேன்.

மதியம் வரை ஏப்பம் விட்டுக்கொண்டே இருந்தார். அறை முழுக்க நெய் வாடை, தலையணை உறையில் எண்ணெய். துவைத்துப் போட்டால் மழை மேகம். பக்கத்துத் தோட்டத்தில் பலாச் சக்கை பழுத்து வாசம் வேறு. பசியில் எனக்குக் கோபம்தான் வருகிறது. இடுப்பும் வலித்தது. மருந்து குடித்தேன்.

மே 7, புதன்

நெய். ஏப்பம். வெந்நீர். எண்ணெய்க் கறை. கஞ்சி. ஒரு பாட்டில் மருந்து காலி.

மே 8, வியாழன்

நெய் முடிந்தது. இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருக்கிறதாம், ஓமனா சொல்கிறாள். எனக்கு எண்ணெய்ப் பளபளப்புதான் தெரிகிறது.

ஆனால் தூங்குகிறார். கட்டிலில் விழுந்தால் காலை மணி வரை ஒரே தூக்கம். நான்தான் புரண்டுகொண்டு கிடக்கிறேன். நோயாளி தூங்குகிறான், துணைக்கு வந்தவள் விழித்திருக்கிறாள். என்ன நியாயம் இது?

அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து மருந்து குடிக்க வேண்டியிருக்கிறது. அவர் கண்ணில் காட்டக்கூடாது என்றுதான். அப்புறம் ரெண்டு ஏலக்காய் மென்றுவிடுவேன். மருந்து வாடை யாருக்கும் பிடிக்காது.

மே 10, சனி

நேற்று எண்ணெய் தேய்த்து வியர்க்க வைத்தார்கள். இன்று பேதி. லேகியத்தைக் கொடுத்துவிட்டு ஓமனா என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். எத்தனை முறை போகிறார் என்று நேரத்தோடு குறிக்க வேண்டுமாம். எம்.ஏ. படித்தவள் கக்கூஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குறிக்கிறேன். பன்னிரண்டு முறை.

எட்டாவது முறை வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "முப்பது வருஷமா உள்ள போனதெல்லாம் வரிசையா வெளிய வருகு சீலி" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல்.

சாயங்காலம் ஊதினார். பூஜ்யம். போன சனிக்கிழமையும் பூஜ்யம். அதைப் பெரிய பரிசு வாங்கினதுபோல என்னிடம் வந்து சொன்னார். "ஊருல எல்லாருக்கும் அதான் வரும்" என்றேன்.

மே 11, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஷைனி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அப்பாவோடு அரை மணி நேரம் சிரிப்பு. என்னிடம் வந்தபோது குரல் மாறியது.

"அம்மா, நீ அந்த பாட்டில அங்கயும் கொண்டு போயிருக்கியா?"

"எந்த பாட்டில்? மருந்தைச் சொல்லுதியா?"

"நீ மருந்துன்னு சொல்லுதத."

நர்சிங் படித்து வேலைக்குப் போனால் பெற்ற தாய்க்கே வைத்தியம் சொல்வாளா? இந்த இடுப்பு வலியே அவளைப் பெற்றதால் வந்ததுதான். நன்றாகக் கேட்டுவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

நாலாவது பாட்டிலும் முடிந்தது. இருபத்தெட்டு நாளுக்கு என்று கொண்டு வந்தது. பாட்டில் முன்பு மாதிரி நிறைய இருப்பதில்லை. எல்லாவற்றிலும் கலப்படம், அளவுக் குறைவு.

மே 12, திங்கள்

காலையில் கை நடுங்கியது. கஞ்சிக் கிண்ணம் தட்டில் கடகடவென்று அடித்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் இவர் நாடியைப் பிடித்துக்கொண்டு என் கையைப் பார்த்தார்.

"டீச்சர், உறக்கம் உண்டா?" விடுதி வார்டன் என்றதால் இங்கே எல்லாருக்கும் நான் டீச்சர்.

"இந்தக் கஞ்சியக் குடிச்சா யாருக்குக் கை நடுங்காது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் விடுதியில் இருந்து போன பிள்ளைகளின் வயசுதான் இருக்கும். ஆனால் பார்வை வேறு மாதிரி.

சோப்பு வாங்க வேண்டும் என்று சொல்லி மார்த்தாண்டம் போனேன். குலசேகரத்திலேயே சோப்பு கிடைக்கும் என்று ஓமனா சொன்னாள். எனக்கு வேண்டிய சோப்பு கிடைக்காது என்றேன். மருந்துக்கடையில் காலை பத்து மணிக்கே நாலைந்து ஆம்பளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் அரிஷ்டம்தான் கேட்டார்கள். அதில் ஒருவன் கடை வாசலிலேயே மூடியைத் திருகி அண்ணாந்து குடித்தான். வெட்கம் கெட்டவன். இவனைப் போன்றவர்களால்தான் நல்ல மருந்துக்கெல்லாம் கெட்ட பெயர்.

மூன்று பாட்டில் வாங்கினேன். திரும்பி வரும் ஆட்டோவில் இடுப்பு வலி தாங்கவில்லை. டிரைவர் பார்க்காமல் இரண்டு மூடி. மூடி கைதவறி ரோட்டில் விழுந்துவிட்டதால் அப்புறம் அளக்க முடியவில்லை.

சோப்பு வாங்க மறந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

தாரை ஆரம்பம். மரக்கட்டிலில் படுக்க வைத்து, மேலே தொங்குகிற பாத்திரத்திலிருந்து எண்ணெயை நெற்றியில் நூல்போல விடுகிறார்கள். முக்கால் மணி நேரம். இவர் குறட்டை விட்டாராம். வெளியே வந்து, "மனசு ஆளில்லாத பஸ் ஸ்டாண்டு மாதிரி கெடக்கு" என்றார். கொடுத்து வைத்தவர்.

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். பெட்டியில் உள்ள பாட்டிலில் மருந்து குறைந்திருக்கிறது. நான் குடித்தது போக, அதற்கும் மேலே. அறையில் இருப்பது இரண்டே பேர். அவர் முகத்தின் வெளிச்சம், குறட்டை, சிரிப்பு எல்லாம் இப்போது புரிகிறது. ஓமனாவுக்கும் டாக்டருக்கும் தண்ணி காட்டுகிறார். எனக்குக் காட்ட முடியாது. லேபிளில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். விடுதியில் தேங்காய் எண்ணெய்த் திருட்டை இப்படித்தான் பிடித்தேன். ஒரு பாட்டிலைக் குளியலறை மேல்தட்டில், பக்கெட்டுக்குப் பின்னால் மாற்றி வைத்தேன்.

மே 14, புதன்

கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது!

கேட்டேன். நேராகக் கேட்டேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"நான் தொடல்ல சீலி."

"பின்ன யாரு, பேய் வந்து குடிச்சுதா?"

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் துண்டை உதறிக் கொடியில் போட்டார். "நேத்து மத்தியானம் நீ ரெண்டு தடவ எழும்பின. அதுக்குப் பெறவு நான் உறங்கிப் போனேன்" என்றார். வலித்தால் எழும்பாமல் என்ன செய்வது? அதையும் இதையும் சேர்த்துப் பேசினால் திருட்டு மறைந்துவிடுமா?

டாக்டரிடம் போனேன். மருந்து விஷயம் சொல்லவில்லை. "இவரு மேல எனக்குச் சந்தேகமா இருக்கு, இன்னைக்கே ஊதச் சொல்லுங்க" என்றேன். கூப்பிட்டார்கள். ஊதினார். பூஜ்யம். மறுபடியும் ஊதச் சொன்னேன். பூஜ்யம்.

"மிஷின் கேடாயிருக்கும்" என்றேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றார் டாக்டர். "உங்களுக்கு எதுனால சந்தேகம் வந்தது?"

"மனைவிக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 15, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு டாக்டரும் ஓமனாவும் வந்தார்கள்.

"டீச்சர், உங்களுக்குச் சந்தேகம்னு சொன்னீங்கல்லா. அறையப் பாத்திருவோம். அப்பதான் ரெண்டு பேருக்கும் நிம்மதி."

ஓமனா அவர் பையைக் கொட்டினாள். மெத்தையைத் தூக்கினாள். நன்றாகத்தான் தேடுகிறாள், நான்கூட இவ்வளவு நேர்த்தியாகத் தேடியதில்லை. பிறகு என் பெட்டிப் பக்கம் திரும்பினாள். "அது என்னுடையது" என்று சொல்ல நினைத்தேன்.

இவர் எழுந்து பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அதத் தொறக்காண்டாம் ஓமனா. அதுல உள்ளது எனக்குள்ளது. அவளுக்குத் தெரியாம நான்தான் அவ சேலைக்குள்ள ஒளிச்சு வச்சேன்."

பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு பாட்டில். ஒன்று காலி, ஒன்றில் பாதி. லேபிளில் என் பேனாக் கோடு.

டாக்டர் அவரிடம், "ஊதினப்ப எல்லாம் பூஜ்யம்தானே வந்திருக்கு?" என்றார். "இனிமே குடிக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றார் இவர். ஊதியது பூஜ்யமாக இருந்தாலும், பாட்டில் அகப்பட்டால் விதி விதிதான். சனிக்கிழமை காலை அறையைக் காலி செய்ய வேண்டும். சான்றிதழ் கிடையாது. டாக்டர் இதை அவரிடம் சொன்னாலும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போனபின் கேட்டேன். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"ஜூன் ரெண்டாம் தேதி விடுதிக்குப் பிள்ளைய வருமே. வார்டன் பெட்டியில பாட்டிலுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்தா நீ தாங்க மாட்ட. எனக்கு உள்ள பேரு எப்பவோ போச்சு."

"அது மருந்து."

"சரி. மருந்துதான்."

அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குச் சண்டை போடத் தெரியும். அவர் கஞ்சிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

மே 16, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. குளியலறையில் வைத்ததை யாரும் பார்க்கவில்லை.

மே 17, சனி

மதியம் ஆகிறது. காலையில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

விடிந்ததும் இவர் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். பதினைந்து நாளில் இரண்டு சுற்று மெலிந்திருக்கிறார், சட்டை தோளில் தொங்குகிறது. நெய்யும் கஞ்சியும் பேதியும் சகித்து, ஒரு நாள்கூட விடாமல், இந்த வயதில் ஒரு மனுஷன் திருந்தி நிற்கிறான். அதை நான் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லத் தைரியம் வேண்டும் என்று குளியலறைக்குப் போனேன். மூடியை மார்த்தாண்டம் ரோட்டில் விட்டது முதல் அளவு கிடையாது. பாட்டிலோடு குடித்தேன். பாதிக்கு மேல் போயிருக்கும்.

ஒன்பது மணிக்கு டாக்டர் அறையில் நின்றேன். இவரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அந்த பாட்டில் என்னுடையது" என்றேன். "அது எனக்கு இடுப்பு வலி மருந்து. ஒளிச்சு வச்சது என் தப்பு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரு சான்றிதழைக் கொடுத்திருங்க."

"எவ்வளவு குடிக்கீங்க?"

"இரண்டு மூடி."

"நாளைக்கு எத்தனை தடவ?"

"வலிக்கும்போது."

டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். "நான் நோயாளி இல்லை, துணைக்கு வந்தவ" என்றேன். சொல்லும்போதே வார்த்தை குழறியது. எனக்கே கேட்டது.

"ஊது சீலி" என்றார் இவர், பக்கத்தில் வந்து குனிந்து. "மூச்ச நல்லா இழுத்துக்கோ. விட்டு விட்டு ஊதக் கூடாது, மறுபடியும் ஊதச் சொல்லுவாவ. சத்தம் நிக்கது வரைக்கும் ஊது."

ஊதினேன். ஐம்பத்திரண்டு.

டாக்டர் அதட்டவில்லை. அவருக்கு உள்ள இருபத்தெட்டு நாளும் அவருக்கு உண்டு, சான்றிதழும் உண்டு என்று முதலில் சொன்னார். என்னிடம், "இத ஒரேயடியா நிறுத்தப்படாது டீச்சர், உடம்பு தாங்காது. அவர மாதிரி முதல்ல நாகர்கோவில் ஆஸ்பத்திரியில பத்து நாள். பெறவு இங்க வாங்க. இடுப்பு வலிக்கு நான் பாக்கேன், வேற வழி இருக்கு" என்றார். ஜூன் இரண்டாம் தேதி விடுதி திறக்கும். மெடிக்கல் லீவு எழுதித் தர வேண்டும் என்று கேட்டேன். என்ன காரணம் போட என்று அவர் கேட்டார். உள்ளதைப் போடுங்கள் என்றேன்.

புதிய படிவம் ஒன்று எடுத்தார்கள். எத்தனை வருஷமாக என்ற இடத்தில் இருபத்திரண்டு என்று எழுதினேன். துணைக்கு இருப்பவர் என்ற இடத்தில் இவர் தன் பெயரை எழுதினார். வில்பிரட் என்பதைக்கூடக் கோட்டுக்கு மேலே ஏற்றி, கீழே இறக்கி, கோழி கிளறினதுபோல எழுதுகிறார். வேறு நாளாக இருந்தால் ஒரு சண்டை போட்டிருப்பேன்.

வெளியே வந்தபின் அவரைக் கேட்டேன். "டிப்போவில அன்னைக்கு உங்களுக்கு எவ்வளவு வந்தது?"

"அத எதுக்கு இப்போ?"

"சொல்லுங்க."

"முப்பத்தெட்டு" என்றார்.

அந்த முப்பத்தெட்டுக்காக மூன்று மாதமாக நான் இவரைப் பேசாத பேச்சு இல்லை.